கலெக்டரைக் கையில் கட்டிக்கொண்டு தாம்பரம் போனது

எனக்கு எழுத வராது. ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். அதற்குள் பால்மரம் சீவ ஆள் போதவில்லை என்று வேலைக்காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது நம் கோயில் மாதர் சங்கத்து மலருக்கு, ஒவ்வொருவரும் போய்வந்த ஊரைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்கிறார்கள். மற்றவர்கள் வேளாங்கண்ணி, ரோமாபுரி என்று எழுதுவார்கள். நான் போனது பல்லாவரமும் தாம்பரமும்தான். நாள் கிழமை மறந்துவிட்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் எழுதிவிடுவேன். பிழையைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் நான் இல்லாத இடத்தில் சிரிக்கவும்.

ஊர் பார்க்க நான் போகவில்லை. என் ஒரே மகன் சேவியரைக் கூட்டி வரப் போனேன். படிக்கப் போன பிள்ளைக்கு இருமலில் இரத்தம் வந்து, தாம்பரத்துப் பக்கம் நெஞ்சு நோய் ஆசுபத்திரியில் சேர்த்திருப்பதாக, அவன் பல்லாவரத்தில் குடியிருந்த வீட்டுக்காரி தவமணி கடிதம் போட்டிருந்தாள். கடிதத்தில் 'கவலைப்பட வேண்டாம்' என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தாள். அதைப் படித்த பிறகுதான் எனக்குக் கவலையே வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சேவியரின் அப்பா தோட்டத்து ஆசுபத்திரியில் கிடந்தபோது, நான் கஞ்சி வைத்துக்கொண்டு வர வீட்டுக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. கஞ்சி சூடாகத்தான் இருந்தது. அதிலிருந்து யாரையும் ஆசுபத்திரியில் விட்டுவிட்டு வருவது என்றால் எனக்கு ஆகாது. மகனைக் கையோடு பிடித்துக் கப்பலில் ஏற்றி, மலேயாவுக்கு, தைப்பிங் வீட்டுக்குக் கொண்டுவந்து, என் கண் முன்னாலேயே வைத்துக்கொள்வது என்றுதான் புறப்பட்டேன்.

கப்பலைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வழி முழுக்க வாந்தி.

மதராஸ் துறைமுகத்தில் சுங்கக்காரர் என் தகரப் பெட்டியைத் திறந்தார். கம்பளி, தைலப் புட்டிகள், பிஸ்கட் டின், பால் டின் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஒரு பொட்டலத்தை மோந்து பார்த்தார்.

"என்னம்மா இது?"

"நெத்திலிக் கருவாடுங்க. மகனுக்கு."

அவர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். வெளியே கடல். "இங்கே அது வெறும் தண்ணின்னு நினைச்சீங்களா? அதுலயும் நெத்திலி இருக்கும்மா" என்று சொல்லிப் பெட்டியை மூடச் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பெட்டியைக் கூலிக்காரர் ஒருவர் தலையில் ஏற்றினார். புது ஊர், அவர் ஓடிவிட்டால் என்ன செய்வது என்று பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றின் நுனியை நான் பிடித்துக்கொண்டேன். நாலு எட்டு போனதும் அவர் நின்றுவிட்டார்.

"யம்மா, பொட்டி என் தலையில கீது, கயிறு உன் கையில கீது. நான் இன்னா மாடா? நீ வுட்டாத்தான் நான் நடக்க முடியும்."

நான் விடவில்லை. அவரும் பேசிக்கொண்டே, நான் இழுக்கிற இழுப்புக்குத் தலையைச் சாய்த்துக்கொண்டே வாசல் வரை வந்து சேர்ந்தார். வாசலில் நின்ற தவமணி முதன்முதலில் என்னைப் பார்த்தது இந்தக் கோலத்தில்தான்.

தவமணி பள்ளிக்கூடம் ஒன்றில் ஆயா வேலை பார்த்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், என்னைவிட இரண்டு மடங்கு உடம்பு, பத்து மடங்கு பேச்சு. "வாக்கா. இன்னா இப்டி வெளுத்துப் போயிக்கீற? புள்ள நல்லா கீறான். நாளைக்குப் பாக்கலாம். மொதல்ல வூட்டுக்கு வந்து துன்னு" என்றாள். தமிழ்நாட்டுக்குப் போனால் எல்லாரும் நம்மைப் போலப் பேசுவார்கள் என்று நினைத்துப் போனவள் நான். மூன்று நாள் வரைக்கும் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டாள்.

பல்லாவரத்தில் அவள் வீடு மலைக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருந்தது. மலையில் கல் உடைக்கிறார்கள். திடீரென்று வெடி வைப்பார்கள், தட்டு முட்டுச் சாமான் எல்லாம் ஒருமுறை குதித்து உட்காரும். மீனம்பாக்கத்தில் இறங்குகிற ஆகாய விமானம் கூரையைத் தடவிக்கொண்டு போகும். நான் ஒவ்வொரு தடவையும் குனிந்தேன். காற்று திரும்பினால் தோல் பதனிடுகிற நாற்றம். ரப்பர் மரத்து ஒட்டுப்பால் நாற்றத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் அது ஒன்றுதான் எனக்குப் பழகின மாதிரி இருந்தது.

சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். காலையில் இட்லிக்கு வடகறி என்று ஒன்று ஊற்றினாள். நேற்றைய வடையை உதிர்த்துக் குழம்பு வைத்தது போல இருந்தது. நம் ஊரில் மீந்த வடையைக் கோழிக்குப் போடுவோம். இதைச் சாப்பிட்ட பிறகு, இத்தனை வருஷம் நம் கோழிகள்தான் நன்றாகச் சாப்பிட்டிருக்கின்றன என்று புரிந்தது. ஆனால் காப்பி விஷயத்தில் நம் ஊர்தான். அங்கே ஒரு மிடறு கொடுத்துவிட்டு, அதையும் தலைக்கு மேலே தூக்கித் தூக்கி ஊற்றி ஆற்றுகிறார்கள்.

மறுநாள் சாயங்காலம் ஆசுபத்திரிக்குப் புறப்பட்டேன். நோயாளிகளைப் பார்க்க சாயங்காலம் மட்டும்தான் விடுவார்கள். தவமணிக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை. "கரண்ட் ரயில்ல ஏறு, குரோம்பேட்டை போவும், அதுக்கு அடுத்த ஸ்டேஷன் எறங்கு, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டாள்.

பெண்கள் பெட்டியில்தான் ஏறினேன். ஆபீஸ் விட்டு வருகிற பெண்கள், நர்ஸ்கள், காலிக் கூடையோடு காய்கறிக்காரிகள், எல்லாரும் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு நின்றார்கள். நடுவில் இருந்த கம்பியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தேன். குரோம்பேட்டை போனது. அடுத்த ஸ்டேஷன் வந்தது. எனக்கும் வாசலுக்கும் நடுவில் ஐம்பது பேர். பின்னால் இருந்து தள்ளினார்கள். தள்ளத் தள்ள நான் கம்பியை இன்னும் இறுக்கினேன்.

பக்கத்தில் நின்ற பூக்காரி என் காதில் கத்தினாள். "இன்னா ஆயா, கம்பிக்குத் தாலி கட்டிட்டியா? வுடு. உடம்ப லூசா வுடு. பின்னால வர்ற கூட்டமே உன்ன எறக்கி வுடும்."

"விழுந்துடுவேன்."

"விழறதுக்கு எடம் எங்க கீது இங்க?"

நான் விடவில்லை. ரயில் புறப்பட்டுவிட்டது. கடைசி ஸ்டேஷன் தாம்பரத்தில் எல்லாரும் இறங்கிப் பெட்டி காலியான பிறகுதான் கம்பியை விட்டேன். பூக்காரி பிளாட்பாரத்தில் நின்று சிரித்தாள்.

தாம்பரத்திலிருந்து ஆசுபத்திரிக்குத் திரும்பிப் போக சைக்கிள் ரிக்‌ஷா பிடித்தேன். பெரிய சாலையில், நாம் சடக்கு என்போமே அந்த மாதிரி, பாதி வழியில் செயின் கழன்றது. ரிக்‌ஷாக்காரர் மாட்டினார். மறுபடியும் கழன்றது. மூன்றாவது தடவை நான் இறங்கி நடந்தேன், அவர் ரிக்‌ஷாவைத் தள்ளிக்கொண்டு துணைக்கு வந்தார். ஆசுபத்திரி வாசலுக்குப் போய்ச் சேரவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. பார்த்துவிட்டு வருகிறவர்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு வாங்கம்மா" என்றார் வாசல் காவல்காரர். கடலைத் தாண்டி வந்தவள் ஒரு வாசலைத் தாண்ட முடியாமல் நின்றேன். அழுகை வந்தது. அழுதுகொண்டே எதையாவது வாங்கிக்கொண்டு போக வேண்டும் போல இருந்தது. வாசலுக்கு எதிரே ஒரு பெண் கூடையில் கோழி விற்றாள். மகனுக்குச் சூப் வைத்துக் கொடுக்கலாம் என்று ஒரு சேவலை வாங்கினேன். சிவப்பும் கறுப்புமாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தது.

அடுத்த நாள் தவமணியே லீவு போட்டுவிட்டு என்னை அழைத்துப் போனாள். வாசலுக்கு அருகிலேயே என்னை நிறுத்தி, ஸ்டேஷன் வந்ததும் இடுப்பைப் பிடித்து மூட்டை இறக்குவது போல இறக்கினாள்.

சேவியர் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பிள்ளை பாதியாகியிருந்தான். கண் மட்டும் அப்படியே. என்னைப் பார்த்ததும், "அம்மா, சம்பால் கொண்டு வந்தியா?" என்றான். நெத்திலியும் மிளகாயும் அரைத்து நான் வதக்குகிற சம்பால் என்றால் அவனுக்கு உயிர். நான் அழ ஆரம்பித்தேன். "சரி சரி, இல்லேன்னா பரவாயில்லை, அதுக்கு ஏன் அழுவுறே?" என்றான். அடுத்த கட்டில்காரர் சிரித்து, சிரித்ததில் இருமி, நர்ஸிடம் திட்டு வாங்கினார்.

டாக்டர் நல்ல மனிதர். வயதானவர். என்னை உட்கார வைத்துப் பேசினார்.

"அம்மா, ஒரு பக்கத்து நுரையீரல்ல ஒரு பாகம் கெட்டுப்போச்சு. ஆபரேஷன் பண்ணி அதை எடுத்துட்டா பிழைக்க வழி இருக்கு. கப்பல்ல கூட்டிட்டுப் போனா, போய்ச் சேருவானான்னே என்னால சொல்ல முடியாது. நீங்க கையெழுத்துப் போட்டா சீக்கிரம் செஞ்சுடலாம்."

"செஞ்சா பிழைச்சுடுவானாங்க?"

"எங்களால ஆனதைச் செய்வோம். மத்தது எங்க கையில இல்லைம்மா."

பேனாவைக் கொடுத்தார். பிடித்தேன். எழுதவில்லை. "யோசிச்சுச் சொல்றேங்க" என்று எழுந்து வந்துவிட்டேன். பல்லாவரம் வந்து கதவைத் திறக்கும்போதுதான் தெரிந்தது, டாக்டரின் பேனா என் கைக்குள்ளேயே இருந்தது.

தவமணி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கூலிக்காரன் கயிறு, ரயில் கம்பி, இப்ப டாக்டர் பேனா. உன் கையில மாட்டினது இன்னாதான்கா தப்பிக்கும்?"

ஆபரேஷன் முடிகிற வரை வெளிச் சாப்பாடு வேண்டாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டதால் சேவலுக்கு உயிர் தங்கியது. அது காலையில் முற்றத்துக்கு வந்து ஒரு சுற்று நடக்கும். தண்ணீர்க் குடத்தைப் பார்க்கும், விறகைப் பார்க்கும், எதுவும் திருப்தி இல்லை என்பது போல ஒரு சத்தம் கொடுக்கும். தவமணி அதற்குக் கலெக்டர் என்று பெயர் வைத்தாள். "கலெக்டர் வர்றாரு, எந்திரிக்கா" என்பாள். கப்பலுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் தினமும் ஆசுபத்திரிக்குப் போனேன், தினமும் கையெழுத்துப் போடாமல் வந்தேன். மிச்ச நேரத்தில் கலெக்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். "ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துடுங்க." பக்கத்து வீட்டு டீச்சர் சொன்னார். தவமணியின் சபைப் பெண்கள் கூட்டமாக வந்து ஜெபம் பண்ணிவிட்டுச் சொன்னார்கள். பரங்கிமலை ஏறி மாதாவிடம் போனேன், அங்கேயும் ஒரு கிழவர் சொன்னார். எப்படி ஒப்புக்கொடுப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நானும் ஒவ்வொரு ராத்திரியும் 'ஒப்புக்கொடுத்தேன்' என்று சொல்லிப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் எல்லாம் என்னிடமே இருந்தது.

அப்போது தவமணியின் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. நம் கத்தோலிக்கருக்கு இது அவ்வளவாகத் தெரியாது, அதனால் சொல்கிறேன். அவரவர் வீட்டில் விளைந்தது, வளர்த்தது எதையாவது கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். பூசை முடிந்ததும் அத்தனையையும் ஏலம் போட்டு, வருகிற பணம் கோயிலுக்கு. "கலெக்டர குடுத்துடுக்கா, உன் புள்ள பேர சொல்லி" என்றாள் தவமணி. எனக்கு மனமில்லை. ஆனால் மகனுக்காக என்று சொன்ன பிறகு மாட்டேன் என்பது எப்படி?

கோயில் தாம்பரத்தில். ரயிலில்தான் போக வேண்டும். "கூட்டத்துல எகிறிடும். கால்ல கட்டி, இந்த நுனிய உன் கைல கட்டிக்கோ" என்று சொல்லி, தவமணியே கலெக்டரின் காலில் ஒரு முடிச்சும் என் மணிக்கட்டில் ஒரு முடிச்சும் போட்டாள். மேலே முந்தானையைப் போர்த்திக்கொண்டேன்.

குரோம்பேட்டை வரை சத்தம் இல்லை. குரோம்பேட்டையில் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். அவர் என் எதிரே வந்து நின்ற அதே நேரத்தில் என் முந்தானைக்குள் இருந்து கலெக்டர் முழுத் தொண்டையில் கூவினார்.

"என்னம்மா அது?"

நான் வாயே திறக்கவில்லை. தவமணி திறந்தாள். "அக்காக்கு வயித்து வலி சார்."

"வயித்து வலிக்கு இப்படியா சத்தம் வரும்?"

"மலேயா வயிறு சார்."

பெட்டி முழுக்கச் சிரித்தது. அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தாம்பரத்துல எறங்கி நல்ல டாக்டரா பாருங்க" என்று போய்விட்டார்.

பூசை முடிந்து, கோயிலுக்கு வெளியே பந்தலில் ஏலம் ஆரம்பித்தது. ஏலம் விட்டவர் ஞானமுத்து சார், ரயில்வேயில் கார்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு தரம், ரெண்டு தரம் என்று சொல்லி, மூன்றாம் தரத்துக்கு விசில் ஊதுவார். விசில் ஊதினால் வண்டி புறப்பட்டது போலத்தான், அப்புறம் பேச்சில்லை. பூசணிக்காய், வாழைத்தார், டீச்சர் செய்த கேக் எல்லாம் போயின. ஒரே ஒரு முட்டையை வாங்கினவர்கள் மறுபடி மறுபடி திருப்பிக் கொடுத்துவிட்டதால் அதை ஏலம் விட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த முட்டை விற்ற விலைக்கு ஒரு கோழிப்பண்ணை வைக்கலாம்.

நான் முன் வரிசையில் கோரைப்பாயில், கலெக்டரோடு உட்கார்ந்திருந்தேன். தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் பிரியாணிக் கடை வைத்திருந்த பாய் ஒருவரும் வந்திருந்தார். வருஷா வருஷம் வருவாராம். ஆடு, கோழி வந்தால் அவருக்கு வேலை. அவர் அடிக்கடி என் மடியையே பார்த்தார்.

"அடுத்து ஒரு சேவல்! மலேயா அம்மா மகனுக்காகக் குடுத்தது. பெலவீனப்பட்ட அந்தத் தம்பிக்காக எல்லாரும் தாராளமா கேளுங்க" என்று சொல்லி ஞானமுத்து சார் குனிந்து என் மடியில் இருந்து கலெக்டரை எடுத்தார். கூட்டத்துக்குக் காட்டுவதற்காகத் தலைக்கு மேலே தூக்கினார்.

கயிறு இன்னும் என் மணிக்கட்டில் இருந்தது. கலெக்டர் மேலே போனார். என் கையும் மேலே போயிற்று.

பாய் ஒரு விலை கேட்டார். ஞானமுத்து சார் என்னைப் பார்த்தார். "அதோ, அம்மா கைய தூக்கிட்டாங்க! அம்மா மேல கேக்குறாங்க!"

இல்லை என்று சொல்ல வேண்டும். அத்தனை பேருக்கு நடுவில் எனக்குத் தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை. தலையை ஆட்டினேன். அவர் அதையும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். பாய் ஏற்றினார். சேவல் மறுபடி மேலே போனது, என் கையும் போனது. இப்படியே போய்க் கடைசியில் பாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்.

"ஒரு தரம்!" என்று ஞானமுத்து சார் சேவலைத் தூக்கினார். என் கை எழுந்தது. "அம்மாவே மேல கேக்குறாங்க! ஒரு தரம்!" மறுபடி தூக்கினார். மறுபடி எழுந்தது.

பாய் எழுந்து நின்றுவிட்டார். "யம்மா, நான் அப்பவே வுட்டுட்டேன். உனக்கு எதிரா நீயே கேட்டுகினு கீற. யாரும்மா உன்கூட போட்டி?"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. தவமணிக்குச் சந்தேகம் வந்து என் முந்தானையை விலக்கினாள். கயிற்றைப் பார்த்தாள். அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஞானமுத்து சாரின் வாயிலிருந்து விசில் கீழே விழுந்தது.

"நீதானே கட்டினே!" என்றேன். அன்றைக்கு எனக்கு வந்த முதல் வார்த்தை அதுதான்.

"கட்டினது நான்தான்கா. அவுக்காம குந்திகினு இருந்தது யாரு? குடுத்துட்டேன்னு ஜெபத்துல சொன்ன. அது கால இங்க புடிச்சிகினு கீற. ஆண்டவரு ஒரு பக்கம் இழுக்க, நீ ஒரு பக்கம் இழுக்க, நடுவுல கலெக்டருக்குத்தான் பேஜாரு."

யாரோ கத்தி கொண்டுவரட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். முடிச்சு வியர்வையில் இறுகிப்போயிருந்தது. நகத்தால் கிள்ளினேன், பல்லால் இழுத்தேன். எல்லாரும் காத்திருந்தார்கள், சிரிப்பு நின்றுவிட்டது. அவிழ்கிற வரைக்கும் நான் மனதில் சொல்லிக்கொண்டிருந்த பெயர் கலெக்டருடையது இல்லை.

கயிறு அவிழ்ந்ததும் கை எடையில்லாமல் தானாகக் கொஞ்சம் மேலே போயிற்று. ஞானமுத்து சார் அதையும் ஏலத்தில் சேர்த்துவிடுவாரோ என்று சட்டென்று இறக்கிக்கொண்டேன்.

பாய்தான் வாங்கினார். விசில் சத்தம் கேட்டது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மணிக்கட்டில் சிவப்பாக ஒரு கோடு இரண்டு நாள் இருந்தது.

மறுநாள் டாக்டரிடம் அவர் பேனாவைக் கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டு, "போட்டுட்டே குடுங்கம்மா" என்றார். எழுத்து எழுத்தாக என் பெயரை எழுதினேன். பெயரை முடித்த பிறகும் பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

ஆபரேஷன் நாளில் சேவியரைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். நான் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். கதவுக்கு வந்ததும் அவன், "அம்மா, மரம் சீவிட்டு மரத்துக்கிட்டயே நிப்பியா? மங்கை வச்சிட்டு அடுத்த மரத்துக்குப் போ" என்றான். பால்மரம் சீவினவர்களுக்கு இது தெரியும். கோடு போட்டு, பால் வடிகிற கோப்பையான மங்கைத் திருப்பி வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். நின்று பார்த்தாலும் பால் அது வருகிறபடிதான் வரும். விட்டேன். கதவு மூடியது.

வெளியே நின்றேன். நேரம் போயிற்று. ஒரு நர்ஸ் வந்து, "இன்னும் நேரம் ஆகும்மா. நீங்க காலையில இருந்து சாப்பிடல. போய்ச் சாப்பிட்டு வாங்க" என்றார்.

சாப்பிட்டு வா என்றதும் எனக்குக் கஞ்சி வைக்கப் போன நாள் நினைவுக்கு வந்துவிட்டது. மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு யோசித்தேன். அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்திருந்தால் மட்டும் அவரைப் பிடித்து நிறுத்தியிருப்பேனா? இந்தக் கேள்வியை இத்தனை வருஷத்தில் நான் கேட்டுக்கொண்டதே இல்லை. "சரிம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஆசுபத்திரிப் பக்கம் சாப்பாட்டுக் கடை இல்லை, ஒரு ஸ்டேஷன் தள்ளித் தாம்பரத்துக்கு ரயில் ஏறினேன். அன்றைக்கு ஏதோ பள்ளிக்கூடம் கல்லூரி எல்லாம் மத்தியானமே விட்டுவிட்டார்கள் போல. நல்ல கூட்டம். கம்பி எனக்கு எட்டவில்லை. அதே பூக்காரி நின்றாள்.

"இன்னா ஆயா, இன்னிக்கி உன் வூட்டுக்காரர புடிக்கல?" என்று கம்பியைக் காட்டினாள்.

"இல்லம்மா. விட்டுட்டேன்."

நின்றேன் என்று சொல்ல முடியாது. சுற்றி இருந்தவர்கள் என்னை நிற்க வைத்திருந்தார்கள். தாம்பரம் வந்ததும் கூட்டம் அப்படியே நகர்ந்தது, நானும் நகர்ந்தேன், ஒரு எட்டும் எடுத்து வைத்ததாக நினைவில்லை. பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். செருப்புக்கூடக் காலிலேயே இருந்தது.

வெளியே வந்தால் பிரியாணிக் கடை. பாய் என்னைப் பார்த்துவிட்டார். "வாம்மா, ஏலக்காரம்மா! குந்து. புள்ளைக்கு இன்னிக்கிதானே? தவமணியம்மா சொல்லிச்சி." ஒரு தட்டு பிரியாணியைக் கொண்டுவந்து வைத்தார். மேலே ஒரு பெரிய கோழிக்கால்.

பசி. கையை வைத்துவிட்டேன். பாதியில்தான் நினைவு வந்தது. சேவல் போய் நாலைந்து நாள்தான் ஆகிறது.

"பாய், இது... கலெக்டரா?"

"யம்மா, துன்னும்போது பேரு கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தட்டைப் பார்த்தேன். உள்ளே கதவுக்குப் பின்னால் என் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. தட்டில் இருப்பது யார் என்றும் தெரியாது. இரண்டையும் நான் கொடுத்துவிட்டேன். சாப்பிட்டேன். அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன், ஆனால் மிச்சம் வைக்கவில்லை. ருசியாக இருந்தது. பாய் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

திரும்பிப் போனபோது அந்த நர்ஸ் வாசல்படியில் நின்று யாரையோ தேடிக்கொண்டிருந்தார். என்னைத்தான்.

"எங்கம்மா போயிட்டீங்க? மூச்சு நல்லா இருக்கு. மயக்கம் தெளியறப்போ சம்பால் சம்பால்னு சொன்னார். அது யாரும்மா, அவர் கட்டிக்கப்போற பொண்ணா?"

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தேறி எழ மாதங்கள் ஆகும், கப்பலில் அவனை அனுப்ப முடியாது என்றார்கள். என் கப்பல் நாள் வந்துவிட்டது. அவனைக் கொண்டுவரப் போனவள், அவனை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். தகரப் பெட்டி, கம்பளி, தைலம் எல்லாம் தவமணி வீட்டில் வைத்துவிட்டேன். துறைமுகத்தில் ஒரு கூலிக்காரர் ஓடி வந்து என் கைகளைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. "இன்னாம்மா, சும்மா வந்துகீற?" என்று ஏமாற்றத்தோடு போனார்.

சேவியர் அதற்குப் பிறகும் திரும்பி வரவில்லை. உடம்பு தேறி, படிப்பை முடித்து, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகி, தாம்பரத்திலேயே வீடு பார்த்துக்கொண்டான். சம்பால் என்றால் யார் என்று கேட்ட அந்த நர்ஸைத்தான் கட்டிக்கொண்டான். வருஷத்துக்கு ஒருமுறை படம் அனுப்புகிறார்கள். இரண்டு பேரும் பருத்துவிட்டார்கள்.

சேவியர், மலருக்குக் கொடுப்பதற்கு முன்னால் இதை உனக்குத்தான் அனுப்புகிறேன். ஸ்டேஷன்களின் வரிசை சரியா, ஞானமுத்து சாரின் பெயர் அதுதானா, நான் முதல் நாள் வந்தபோது எந்தக் கட்டிலில் இருந்தாய், எல்லாம் பார்த்துத் திருத்து. நீதான் அந்த ஊர்க்காரனாகிவிட்டாயே. உன் பெண்டாட்டியையும் ஒருமுறை படிக்கச் சொல். பாய் இன்னும் கடை வைத்திருந்தால் நான் கேட்டதாகச் சொல். ஆனால் அன்றைக்குத் தட்டில் இருந்தது கலெக்டரா இல்லையா என்று மட்டும் அவரிடம் விசாரிக்காதே. அதை நான் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.